டெலி ஜூம் புராணம்: மலைக்கும் ஊருக்கும் எந்த லென்ஸ்?

"லேண்ட்ஸ்கேப் எடுக்க டெலி ஜூம் வாங்கலாம்னு இருக்கேன். எஃப்/2.8 வாங்கவா, எஃப்/4 போதுமா?"

கேமரா வெச்சிருக்கிறவங்க நாலு பேர் கூடினா இந்தக் கேள்வி வராம இருக்காது. பதில் சொல்றவங்க பெரும்பாலும் ரெண்டு கட்சி. முதல் கட்சி, "லேண்ட்ஸ்கேப்புக்கு எதுக்குங்க டெலி? பேசாம ஒரு வைட் ஆங்கிள் வாங்குங்க"ன்னு சொல்லும். ரெண்டாவது கட்சி, "வாங்கறதுதான் வாங்கறீங்க, எஃப்/2.8-ஆ வாங்கிடுங்க, அப்புறம் வருத்தப்படாதீங்க"ன்னு சொல்லும். கேட்டவருக்கு இது ரெண்டு மூணு மாசச் சம்பளம் போற விஷயம். வீட்டுல வேற பதில் சொல்லணும்.

என் பதிலைச் சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் சரித்திரம் பார்த்துடலாம். டெலி ஜூம்ங்கிற சாமானை யார், எதுக்காகச் செஞ்சாங்க? மலையையும் நகரத்தையும் எடுத்துப் பேர் வாங்கினவங்க உண்மையில எவ்வளவு நீள லென்ஸை வெச்சு எடுத்தாங்க? இது ரெண்டும் தெரிஞ்சா கடையில குழப்பம் பாதியாயிடும். கொஞ்சம் நீளமான பதிவு, காபி எடுத்துட்டு வந்து உட்காருங்க :-)

1891: ஒரே வருஷம், மூணு பேர்

சாதாரண லென்ஸுல குவிய தூரம் 500 மி.மீ. வேணும்னா, லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவுல ஏறக்குறைய அரை மீட்டர் இடைவெளி வேணும். அந்தக் காலத்துத் துருத்திக் கேமராவுல அவ்வளவு நீளத்துக்குத் துருத்தியை இழுத்தா, காத்தடிச்சா ஆடும், எடையும் ஏறும். மலை மேல தூக்கிட்டுப் போற கதையே கிடையாது.

இதுக்கு ஒரு வழி இருந்துச்சு. முன்னாடி ஒரு குவி லென்ஸ், பின்னாடி ஒரு குழி லென்ஸ். முன்னது ஒளியைக் குவிக்கும், பின்னது அந்தக் குவியலைக் கொஞ்சம் தள்ளிப் போடும். பலன், குழாய் குட்டையா இருக்கும், பிம்பம் மட்டும் நீள லென்ஸ் தர்ற அளவுக்குப் பெரிசா விழும். 'டெலிஃபோட்டோ'ன்னா நிஜ அர்த்தம் இதுதான்: குவிய தூரத்தைவிடக் குட்டையான லென்ஸ். நாம எல்லா நீள லென்ஸையும் டெலின்னு கூப்பிடறது பழக்கதோஷம்.

இந்த ஜோடி யோசனை பழசு. கெப்ளர் 1611-லயே எழுதி வெச்சது, பார்லோ 1830-களில் தொலைநோக்கிக்குச் செஞ்சது. ஆனா கேமராவுக்கு ஒழுங்கா வந்து சேர்ந்தது 1891-ல. லண்டன்ல தாமஸ் ருடால்ஃபஸ் டால்மேயர், மியூனிக்ல அடால்ஃப் ஸ்டைன்ஹைல், பெர்லின்ல அடால்ஃப் மீத்தே, மூணு பேரும் தனித்தனியா அதே வருஷம் இதே யோசனையோட வந்து நின்னாங்க. டால்மேயர் 1899-ல டெலிஃபோட்டோகிராஃபி பத்தித் தனிப் புத்தகமே போட்டுட்டார்.

இதுல எனக்குப் பிடிச்ச சங்கதி வேற. அந்த முதல் டெலிஃபோட்டோக்களில் முன் லென்ஸுக்கும் பின் லென்ஸுக்கும் உள்ள இடைவெளியை ஒரு திருகு வெச்சு மாத்திக்கலாம். இடைவெளி மாறினா உருப்பெருக்கமும் மாறும். அதாவது பொறக்கும்போதே அது ஒரு மாதிரி ஜூம்! ஆனா ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் ஃபோகஸ் போயிடும், திரும்பச் சரி பண்ணணும். ஒளியும் குறைஞ்சுகிட்டே போகும். எல்லா இடைவெளியிலயும் பிம்பம் தெளிவா இருக்காது. அதனால அப்புறம் வந்தவங்க இடைவெளியைப் பூட்டிட்டாங்க. 1905-ல ஜெர்மனியில புஷ் கம்பெனி கொண்டு வந்த பிஸ்-டெலார் அப்படி நிலையான குவிய தூரம் கொண்ட லென்ஸ். தெளிவு கூடுச்சு, வசதி போச்சு. ஒண்ணாப் பொறந்த டெலியும் ஜூமும் அங்கே பிரிஞ்சு, திரும்பச் சேர அரை நூற்றாண்டுக்கு மேல ஆச்சு.

ஜூம் போன தனிவழி

ஃபோகஸ் போகாம குவிய தூரத்தை மாத்தற லென்ஸுக்கு அமெரிக்காவுல கிளைல் ஆலன்ங்கிறவர் 1902-லயே காப்புரிமை வாங்கினார். ஆனா அதை வெச்சுத் தொழில் நடத்தற அளவுக்குக் காலம் கனியலை. காரணம் ரொம்ப எளிமையானது. காத்தும் கண்ணாடியும் சந்திக்கிற ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிடும். நாலஞ்சு கண்ணாடி இருக்கிற லென்ஸுக்கு இது பெரிய விஷயமில்லை. ஜூமுக்குக் கண்ணாடி ஏராளமா வேணும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இப்போ நாம பேசற கேனன் 70-200 எஃப்/4 லென்ஸோட முதல் வடிவத்துல 16 கண்ணாடி, 13 குழு. அப்படின்னா காத்தைத் தொடற பரப்பு 26. பூச்சு எதுவும் இல்லேன்னா ஒவ்வொரு பரப்புலயும் 96 சதவீதம்தான் உள்ளே போகும். 26 தடவை பெருக்கினா கடைசியில ஃபிலிமுக்கு வர்றது 35 சதவீதம். மிச்சம் 65 சதவீதத்துல ஒரு பங்கு லென்ஸுக்குள்ளேயே முட்டி மோதிப் படத்துல வெளிறிப்போன புகை மாதிரி விழும். இப்படி ஒரு லென்ஸ் 1902-ல யாருக்கு வேணும்?

1935-ல ஸைஸ் கம்பெனியில அலெக்சாண்டர் ஸ்மாகுலா, லென்ஸ் மேல மெல்லிசான பூச்சு போட்டு இந்தப் பிரதிபலிப்பைக் குறைக்கிற வழியைக் கண்டுபிடிச்சார். ஜூமுக்கு வாசல் திறந்து விட்டதுல இந்தப் பூச்சுக்குப் பெரிய பங்கு உண்டு. அதுக்கு முன்னாடியே, 1932-ல, சினிமாக் கேமராவுக்குக் குக் வாரோ 40-120 மி.மீ. வந்துடுச்சு. சினிமாவுல படம் ஓடிக்கிட்டே இருக்கும், ஒரு நொடிக்கு மேல எந்தக் குறையும் கண்ணுல நிக்காது, அதனால அங்கே ஜூமை மன்னிச்சாங்க. அப்புறம் வியன்னாவுல பொறந்து அமெரிக்கா போன ஃப்ராங்க் பேக், 1940-களின் பின்பாதியில ஜூமார் லென்ஸைக் கொண்டு வந்தார். தொலைக்காட்சிக்காரங்க அதை அப்படியே பிடிச்சுக்கிட்டாங்க. விளையாட்டை நேரடியா ஒளிபரப்பணும்னா லென்ஸை மாத்திக்கிட்டு நிக்க முடியாதே.

கவனிச்சீங்களா? ஜூமை வளர்த்தது ஓடற ஆளும் உருள்ற பந்தும். மலை எங்கேயும் ஓடாது. இதை ஞாபகத்துல வெச்சுக்குங்க, கடைசியில தேவைப்படும்.

நிலாவும் ஆன்சல் ஆடம்ஸும்

லேண்ட்ஸ்கேப்னா வைட் ஆங்கிள்னு சொல்ற முதல் கட்சிக்கு என் பதில் ஆன்சல் ஆடம்ஸ். அமெரிக்க நிலக்காட்சிப் படக்கலையில அவருக்கு மேல ஒரு பேர் சொல்றது கஷ்டம்.

அவரோட ரொம்பப் பிரபலமான படம் நியூ மெக்ஸிகோவுல எடுத்த 'மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்'. சாயங்காலம் கார்ல போயிட்டிருக்கார். கிழக்கே நிலா. கீழே ஒரு சின்ன ஊர், அதோட கல்லறையில வெள்ளைச் சிலுவைங்க கடைசி வெயில்ல மின்னுது. காரை நிறுத்தி, 8க்கு 10 அங்குலப் பெரிய கேமராவை நிறுத்தறதுக்குள்ள வெயில் போயிட்டே இருக்கு. ஒளிமானியைத் தேடினா கிடைக்கலை. நிலாவோட வெளிச்சம் ஒரு சதுர அடிக்கு 250 கேண்டில்னு அவருக்கு மனப்பாடம். அதை வெச்சு மனக்கணக்குப் போட்டு, மஞ்சள் ஃபில்டரோட எஃப்/32-ல ஒரு நொடி. ஒரே ஒரு நெகடிவ். ரெண்டாவதுக்கு அட்டையைத் திருப்பறதுக்குள்ள சிலுவை மேல இருந்த வெயில் போயிடுச்சு.

எந்தத் தேதியில எடுத்தார்னு அவருக்கே ஞாபகம் இல்லை. பின்னாடி வானியல்காரங்க படத்துல நிலா இருக்கிற இடத்தை வெச்சுக் கணக்குப் போட்டாங்க. முதல்ல ஒருத்தர் 1941 அக்டோபர் 31-ன்னு சொன்னார். அப்புறம் டென்னிஸ் டி சிக்கோ அதைத் திருத்தி 1941 நவம்பர் 1-ன்னு 1991-ல நிறுவினார். நிலாவை வெச்சு எடுத்த படம் தன் தேதியைத் தானே எழுதி வெச்சுக்குது, பாருங்க.

நமக்கு வேண்டியது அந்த லென்ஸ். அது குக் கம்பெனியோட மூணு வகையாப் பிரிச்சுப் போடக்கூடிய லென்ஸ். முழுசாப் போட்டா 12¼ அங்குலம், பாதியைக் கழட்டினா 19 அல்லது 23 அங்குலம். ஜூம் இல்லாத காலத்து ஜூம்னு வெச்சுக்கலாமே! மூன்ரைஸ் எடுத்தது அந்த 23 அங்குலப் பகுதியில. 23 அங்குலம்னா 584 மி.மீ. கேட்கப் பயங்கரமா இருக்கும், ஆனா ஃபிலிம் அவ்வளவு பெரிசு. நம்ம 35 மி.மீ. ஃபிலிம் அல்லது ஃபுல் ஃப்ரேம் கேமரா கணக்குக்குக் கொண்டு வர ஏழால வகுத்தா, சுமார் 80 மி.மீ. வரும்.

அடுத்தது 1960 டிசம்பர் 28. யோசெமிட்டில ஹாஃப் டோம் பாறைக்கு மேல நிலா. இந்தத் தடவை ஹாசல்ப்ளாட் கேமரா, 250 மி.மீ. சோனார் லென்ஸ். அது சதுர ஃபிலிம். நம்ம கணக்குல சுமார் 135 மி.மீ.

ஆக, உலகத்துல அதிகம் பேர் பார்த்த ரெண்டு நிலாப் படமும் 80-லயும் 135-லயும் எடுத்தது. ரெண்டுமே ஒரு 70-200 லென்ஸுக்குள்ள அடக்கம். 400, 600-ன்னு மலைக்காகக் கனவு காண்றவங்க இதை ஒரு தடவை யோசிச்சுப் பார்க்கணும். மூன்ரைஸ் படத்துல நிலா எவ்வளவு பெரிசு தெரியுமா? நெகடிவ்ல சுமார் 5 மி.மீ. பத்து அங்குல அகலத்துல ஒரு மூக்குத்திக் கல். அந்தச் சின்ன நிலாதான் அந்தக் கறுத்த வானத்தைத் தாங்கி நிக்குது.

இன்னொரு சங்கதி. ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் எல்லாரும் சேர்ந்து 1932-ல ஒரு குழு ஆரம்பிச்சாங்க. அதுக்குப் பேரே எஃப்/64. முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் எல்லாமே துல்லியமா இருக்கணும்ங்கிறது கொள்கை. அவங்க பெரிய ஃபிலிம்ல எஃப்/64-ங்கிறது, தெளிவு படர்ற ஆழத்துல, நம்ம கேமராவுல எஃப்/9-க்குச் சமம். மூன்ரைஸுக்கு வெச்ச எஃப்/32 நம்ம எஃப்/4.5. எஃப்/2.8 இல்லாம லேண்ட்ஸ்கேப் வராதுன்னு சொல்ற ரெண்டாவது கட்சிக்கு இதைச் சமர்ப்பிக்கிறேன் :-)

ஊரைத் தூரத்திலிருந்து பார்த்தவர்

மலையை விட்டு நகரத்துக்கு வருவோம். நகரத்தை டெலியில பார்க்கக் கத்துக் கொடுத்தவங்கள்ல முக்கியமானவர் ஆண்ட்ரியாஸ் ஃபைனிங்கர். ஓவியர் லையனல் ஃபைனிங்கரோட மகன். கட்டடக்கலை படிச்சு, லெ கார்புசியேகிட்ட வேலை பார்த்துட்டு, 1939-ல நியூயார்க் வந்து சேர்ந்தவர். 1943-லேருந்து 1962 வரைக்கும் லைஃப் பத்திரிகையில வேலை பார்த்தார். தனக்கு வேண்டிய டெலிஃபோட்டோ கேமராவைத் தானே வடிவமைச்சுக் கட்டிக்கிட்டவர். ஹட்சன் நதிக்கு அந்தப் பக்கம், நியூ ஜெர்சியில நின்னு மன்ஹாட்டனை எடுத்தார்.

ஏன் அவ்வளவு தூரம் போகணும்? கட்டடக்கலைக்காரர் கண்ணு அது. கட்டடத்துக்குக் கீழே நின்னு வைட் ஆங்கிள்ல எடுத்தா, பக்கத்துல இருக்கிற நாலு மாடி பெரிசாவும் அதுக்குப் பின்னாடி இருக்கிற எம்பயர் ஸ்டேட் குச்சியாவும் தெரியும். நதிக்கு அந்தப் பக்கம் போயிட்டா, முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் தூரத்துல பெரிய வித்தியாசம் இருக்காது. எது நிஜமா உயரமோ அதுவே படத்துலயும் உயரமா நிக்கும். டெலி லென்ஸ் ஊரை 'அமுக்கிக்' காட்டுதுன்னு நாம சொல்றோம். ஒரு விதத்துல பார்த்தா, கட்டடங்களோட உண்மையான அளவு விகிதத்தை அது காட்டுது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாச் சொல்லிடணும். அமுக்கறது லென்ஸ் இல்லை, நீங்க நிக்கிற தூரம். லென்ஸ் வெட்டி எடுத்துக் கொடுக்கிறதோட சரி. ஒரே இடத்துல நின்னு 24 மி.மீ.லயும் 200 மி.மீ.லயும் எடுத்து, முதல் படத்தோட நடுப்பகுதியை வெட்டிப் பெரிசு பண்ணினா, கட்டடங்களோட அடுக்கு ரெண்டுலயும் ஒண்ணாத்தான் இருக்கும்.

இதுக்கு நிலாவைவிட நல்ல உதாரணம் கிடையாது. நிலா பிம்பத்தோட அளவு வேணும்னா, குவிய தூரத்தை 110-ஆல வகுங்க. 200 மி.மீ. லென்ஸுல 1.8 மி.மீ., 100 மி.மீ.ல 0.9 மி.மீ. நீங்க எங்கே போய் நின்னாலும் இது மாறாது. இப்போ 60 மீட்டர் உயரத்துல ஒரு கோபுரம்னு வெச்சுக்குவோம். 330 மீட்டர் தள்ளி நின்னு 100 மி.மீ.ல எடுத்தா, கோபுரம் 18 மி.மீ. உயரம் விழும். ஃபிரேமோட உயரம் 24 மி.மீ., அழகா அடங்கும். நிலா 0.9 மி.மீ. இப்போ ரெண்டு மடங்கு தூரம் பின்னாடி போங்க, 660 மீட்டர். லென்ஸை 200 மி.மீ.க்குத் திருப்புங்க. கோபுரம் அதே 18 மி.மீ. நிலா மட்டும் 1.8 மி.மீ., ரெண்டு மடங்கு!

அப்படின்னா நிலாவைப் பெரிசாக்கறது காசு கொடுத்து வாங்கற லென்ஸ் மட்டும் இல்லை. பின்னாடி நடந்து போக இடம் இருக்கணும், நடந்து போக மனசும் இருக்கணும். கூடவே, அந்த 660 மீட்டரும் தோள்ல தொங்கறது எவ்வளவு கனம்ங்கிற கேள்வியும் வருது.

மறுபடியும் ஒண்ணு சேர்ந்தாங்க

1959 முக்கியமான வருஷம். ஃப்ராங்க் பேக் வடிவமைச்ச 36-82 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ், ஃபோக்ட்லாண்டர் ஜூமார்ங்கிற பேர்ல 35 மி.மீ. ஸ்டில் கேமராவுக்கு வந்துச்சு. அதே வருஷம் நிக்கான் ஒரு நிஜ டெலி ஜூமை அறிவிச்சது: 85-250 மி.மீ. டெலியும் ஜூமும் மறுபடி ஒரே குழாய்க்குள்ள! ஆனா எடை ரெண்டு கிலோவுக்குப் பக்கம். அதைத் தூக்கிட்டு மலையேறணும்னா தனியா ஒரு ஆள் வேணும்.

அடுத்த பத்து வருஷம் ஜூமுக்குப் பேர் சரியில்லை. 1963-ல வந்த நிக்கான் 43-86, வளையற கோடுக்கும் வெளிறிப்போற படத்துக்கும் பேர் போனது. கம்ப்யூட்டர் வெச்சு லென்ஸ் கணக்குப் போட ஆரம்பிச்ச பிறகு நிலைமை மாறுச்சு. 1970-ஐ ஒட்டி வந்த நிக்கான் 80-200 எஃப்/4.5, ஒரு கிலோவுக்கும் கம்மியான எடையில, தனி லென்ஸோட போட்டி போடற தெளிவைக் கொடுத்துச்சு. 80-200-ங்கிற அளவு அப்போ ஊன்றினது, 70-200-ஆ இன்னிக்கும் நிக்குது. 1985-ல மினோல்டா கொண்டு வந்த 70-210 எஃப்/4-க்கு, அதோட உருவத்தைப் பார்த்து 'பியர் கேன்'னு செல்லப்பேரே உண்டு.

அப்புறம் எஃப்/2.8 எப்படி வந்துச்சு? 1982-ல நிக்கான் 80-200 எஃப்/2.8 வந்தது, கிட்டத்தட்ட 1.9 கிலோ. ஆட்டோஃபோகஸ் வந்த பிறகு நிக்கானும் கேனனும் 1980-களின் கடைசியில இதே அளவுல எஃப்/2.8 ஜூம்களைக் கொண்டு வந்தாங்க. 1995-ல கேனன் 70-200 எஃப்/2.8. இதையெல்லாம் கேட்டு வாங்கினவங்க யாருன்னா, பத்திரிகைக்காரங்க, விளையாட்டு எடுக்கிறவங்க, கல்யாண மண்டபத்துல நிக்கிறவங்க. மண்டபத்து மங்கின வெளிச்சம், ஓடற ஆளு, வேகம் குறைஞ்ச ஃபிலிம். அவங்களுக்கு அந்த ஒரு ஸ்டாப் வெளிச்சம் சோறு போடற விஷயம். அதுக்காக ஒன்றரைக் கிலோவைத் தூக்கறதுல நியாயம் இருக்கு.

மலை எடுக்கிறவங்களுக்கு வந்தது வேற ரெண்டு சங்கதி. ஒண்ணு, 1995-ல கேனன் 75-300-ல வந்த ஆட்டம் தாங்கி, அதான் ஐ.எஸ்., எஸ்.எல்.ஆர். லென்ஸுல முதல் முதலா. இன்னொண்ணு 1999-ல வந்த கேனன் 70-200 எஃப்/4, எடை வெறும் 705 கிராம். 2006-ல அதுலயே ஐ.எஸ். சேர்ந்தப்பவும் 760 கிராம்தான். நிக்கான் 2012-ல 850 கிராம்ல ஒரு எஃப்/4 கொடுத்தது. கண்ணாடி இல்லாத... அதாவது மிரர்லெஸ் காலத்துல, 2020-ல வந்த கேனன் ஆர்.எஃப். 70-200 எஃப்/4 695 கிராம். டால்மேயர் 1891-ல எதுக்காகக் குழாயைக் குட்டையாக்கினாரோ, அதே ஆசைதான் இந்த வரிசையில திரும்ப வந்திருக்கு.

ஓடிப் பிடிச்ச வானவில்

எடையைப் பத்தி இவ்வளவு பேசறதுக்கு ஒரு படம் காரணம். கேலன் ரோவெல், அமெரிக்க மலையேறி, படக்காரர். 1940-ல பொறந்து 2002-ல விமான விபத்துல போயிட்டார். 1981-ல லாசாவுல, பொட்டாலா அரண்மனைக்குப் பக்கத்துல ஒரு வானவில்லைப் பார்த்தார். அது அரண்மனை மேல விழலை, தள்ளி விழுந்துச்சு. கூட இருந்தவங்க நின்ன இடத்துலயே நிக்க, இவர் ஓடினார். வானவில் நாம நகர்ந்தா நம்ம கூடவே நகரும், அரண்மனை நகராது. சரியான இடத்துக்கு ஓடினா வானவில்லோட கால் அரண்மனைக் கூரை மேல வந்து இறங்கும்னு அவருக்குத் தெரியும். இறங்குச்சு. படத்தைப் பார்த்தவங்க ஒட்டு வேலைன்னு நினைக்கிற அளவுக்கு இறங்குச்சு.

அந்த இடத்துல ரெண்டு கிலோ பொட்டியும் ஒன்றரைக் கிலோ லென்ஸும் தோள்ல தொங்கியிருந்தா ஓடியிருப்பாரா? மலையில சின்னக் கேமரா, லேசான லென்ஸ்னு வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கிட்டிருந்த மனுஷன் அவர்.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், ரொம்ப ஆசையா எஃப்/2.8 வாங்கினார். முதல் மாசம் எல்லா இடத்துக்கும் போச்சு. ரெண்டாவது மாசம் கார் போற இடத்துக்கு மட்டும் போச்சு. இப்போ அலமாரியில சிலிக்கா பொட்டலத்தோட குடித்தனம். நல்ல லென்ஸ்தான், அவர் எடுக்கிறது பூரா மலையும் வயலும். அடுத்தவங்க தேவைக்குச் செஞ்ச சாமானுக்கு இவர் காசு கொடுத்துச் சுமந்துக்கிட்டிருந்தார்.

சரி, எதை வாங்கலாம்?

இவ்வளவு சரித்திரத்துக்கு அப்புறம் என் கணக்கு இது.

முதல்ல, நீளம். ஃபுல் ஃப்ரேம்னா 70-200. சின்ன சென்சார் கேமரான்னா 55-200 அல்லது 55-250 அதே வேலையைப் பார்க்கும், இன்னும் லேசா இருக்கும். கேனன் 55-250 முதல் வடிவம் 390 கிராம்தான். 300-க்கு மேல போனா தூரக் காட்சியில லென்ஸைவிடக் காத்துதான் படத்தைத் தீர்மானிக்கும். வெயில் ஏறின பிறகு பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மலை, கானல்ல நெளியும். அதுக்கு எந்தக் கம்பெனியும் மருந்து விக்கலை. மழை விட்ட மறுநாள் காலையில சீக்கிரம் எழுந்திருக்கிறது ஒண்ணுதான் வழி.

ரெண்டாவது, அப்பர்ச்சர். எஃப்/4 தாராளம். எஃப்/5.6-ல முடியற விலை கம்மி ஜூம் கூட மோசமில்லை, நாம எப்படியும் எஃப்/8-லதான் எடுக்கப் போறோம். எஃப்/16-க்கு மேல மூடினா ஒளி வளைஞ்சு தெளிவு போகும். கல்யாணம், விளையாட்டுன்னு வேற வேலையும் இருந்தா எஃப்/2.8 வாங்குங்க, தப்பே இல்லை.

மூணாவது, எதிர்வெயில். லேண்ட்ஸ்கேப்காரங்க சூரியனை ஃபிரேமுக்குள்ள வைப்பாங்க. அங்கேதான் அந்த 26 பரப்பு கதை திரும்ப வரும். கடையில பார்க்கும்போது ஒரு விளக்கை ஃபிரேம் ஓரத்துல வெச்சு எடுத்துப் பாருங்க. பழைய லென்ஸ் வாங்கினா, உள்ளே டார்ச் அடிச்சுப் பூஞ்சை இருக்கான்னு கட்டாயம் பாருங்க. வெளிச்ச வானத்துக்கு எதிரா கட்டட விளிம்புல ஊதாக் கோடு தெரியுதான்னும் பார்த்துடுங்க. ஃப்ளோரைட், இ.டி., யு.டி.ன்னு விலை உயர்ந்த கண்ணாடி போடறது முக்கியமா இதைக் குறைக்கத்தான்.

நாலாவது, முக்காலி. ஆடம்ஸ் ஒரு நொடி கொடுத்தது நிலையா நின்ன கேமராவால. ராத்திரி நகர விளக்கு எடுக்கிறவங்களுக்கு முக்காலிதான் எஃப்/2.8. லென்ஸைப் பிடிக்கிற காலர் சில எஃப்/4 லென்ஸுகளோட வராது, தனியா வாங்கணும், அதையும் பட்ஜெட்ல சேர்த்துக்குங்க. பழைய ஐ.எஸ். லென்ஸுன்னா முக்காலியில போடும்போது அதை அணைச்சுடுங்க.

அஞ்சாவது, நிறம் :-) கேனனோட வெள்ளைக் குழல் வெயில்ல சூடு கம்மியா ஏறணும்னு வெச்ச நிறம். மலையில பிரச்சினை இல்லை. நகரத்துல அதை வெளியே எடுத்தீங்கன்னா, அடுத்த நிமிஷம் ஒரு காவலாளி விசிலோட வருவார். ஊர் எடுக்கிறவங்களுக்குக் கறுப்புக் குழல் உத்தமம்.

நான் வெச்சிருக்கிறது செகண்ட் ஹேண்ட்ல வாங்கின, ஐ.எஸ். இல்லாத எஃப்/4. கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்ல விடியும்போது நின்னா, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா மலை மடிப்பு நீலம் வெளிறிக்கிட்டே போகும். வைட் ஆங்கிள்ல அது ஒரு கோடு. 120, 150-ல அதுவே அஞ்சாறு அடுக்கு. அதுக்கு எஃப்/8, முக்காலி, பொறுமை, இவ்வளவுதான் இதுவரைக்கும் தேவைப்பட்டிருக்கு.

எஃப்/2.8-ல மலை எடுத்து, அந்த ஒரு ஸ்டாப் இல்லாம இந்தப் படம் வந்திருக்காதுன்னு சொல்றவங்க இருந்தா, படத்தோட வாங்க. உண்மையிலேயே தெரிஞ்சுக்க ஆசை. இல்லாதவங்க மிச்சமாகிற காசுல நல்ல முக்காலியும் ரெண்டு ரயில் டிக்கெட்டும் வாங்கிக்குங்க.